எல்லாக் கடலுக்கும் ஒரே செட்டா?

ஸ்கூபா பழகி முதல் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “அரைகுறையாக எதையும் வாங்காதே. இருப்பதிலேயே உசத்தியான செட்டை ஒரே தடவையாக எடுத்துவிடு. குளிருக்கும் தாங்கும், ஆழத்துக்கும் தாங்கும், ஆயுசுக்கும் போதும்.” கடைக்காரர் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். வருடக்கணக்கில் கடலில் இறங்கியவர்களும் இதையே சொல்கிறார்கள். கடினமான கடலுக்கு ஆன கருவி எளிய கடலுக்குக் கட்டாயம் ஆகும் என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்குதான் தப்பு.

உடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற பல முடிவுகள் அதன் பின்னால்தான் வருகின்றன. தடித்த வெட்சூட் ஒன்று இருந்தால் குளிர்ந்த கடலிலும் போடலாம், அந்தமானிலும் போடலாம் என்கிறார்கள். அந்தமானில் தண்ணீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். 3 மி.மீ. உடையே தாராளம். அங்கே 7 மி.மீ. உடையைப் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தால் வெந்துபோவோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் தண்ணீருக்குள் இருக்கிறது.

வெட்சூட் தைக்கும் நியோபிரீன் ரப்பர் முழுக்கச் சிறு வாயுக் குமிழிகள். அவைதான் குளிரைத் தடுக்கின்றன, அவைதான் நம்மை மிதக்கவும் வைக்கின்றன. உடை தடிக்கத் தடிக்க மிதப்பு கூடும், அதை அமுக்க இடுப்பில் ஈயம் கூட்ட வேண்டும். 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறுகிறது. மேற்பரப்பில் இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அந்த அழுத்தத்தில் குமிழிகள் நசுங்கி, உடை மெலிந்து, மிதப்பு போய்விடும். ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். அதை ஈடுகட்ட, மிதப்பைக் கூட்டிக் குறைக்க மேலே மாட்டும் காற்றுப்பையான பிசிடியில் காற்றை ஏற்றுகிறோம். மேலே வரும்போது பிசிடியின் காற்றும் விரியும், உடையும் விரியும். இரண்டும் சேர்ந்து தூக்கும்போது புதியவர்கள் கட்டுப்பாட்டை இழந்து விர்ரென்று மேலே போகிறார்கள். நுரையீரல் கிழிவதற்கும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் டீகம்ப்ரஷன் நோய்க்கும் அதுவே நேர்வழி. “எதற்கும் இருக்கட்டும்” என்று வாங்கிய 4 மி.மீ. கூடுதல் தடிமன் இவ்வளவு வேலையை இழுத்துவிடுகிறது.

சரி, குளிர்ந்த இடத்திலாவது அது உதவுமா? ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வருடம் முழுவதும் தண்ணீர் 2 முதல் 4 டிகிரி. அங்கே இறங்குபவர்கள் போடுவது உடம்பில் ஈரமே படாத டிரைசூட். 7 மி.மீ. வெட்சூட் அந்தமானுக்கு அதிகம், சில்ஃப்ராவுக்குப் போதாது. வெப்பமானியை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. மெக்சிகோவின் செனோட்டே குகைக்கிணறுகளில் தண்ணீர் 25 டிகிரிதான். ஒரு மணி நேரம் மெதுவாக நீந்திக்கொண்டிருந்தால் அதுவும் எலும்பில் ஏறும். நேரத்தையும் அசைவையும் சேர்த்துத்தான் உடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் விஷயத்தில் எதிர்த்தரப்பு பாதி சரி. சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று ரெகுலேட்டருக்குள் விரியும்போது சட்டென்று குளிர்கிறது. சுற்றியுள்ள தண்ணீரும் சில்லென்று இருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு திறந்தபடியே உறைந்து, காற்று நிற்காமல் கொட்டும். இதற்காகவே ஐரோப்பியத் தரமான இ.என். 250, 10 டிகிரிக்குக் கீழான தண்ணீரைத் தனியாகப் பிரித்துச் சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனையில் தேறிய, வெளித்தண்ணீர் உள்ளே புகாதபடி மூடிய ரெகுலேட்டர் வெதுவெதுப்பான கடலிலும் குறையின்றி வேலை செய்யும்; மணலும் உப்பும் உள்ளே போகாது என்பது கூடுதல் லாபம். மறுக்கவில்லை. ஆனால் அதற்கான உதிரிபாகமும், அதைத் திறந்து மூடத் தெரிந்த ஆளும் உங்கள் ஊரில் உண்டா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். சர்வீஸ் செய்ய வழியில்லாத உயர்தர ரெகுலேட்டரைவிட, ஒழுங்காகப் பராமரித்த சாதாரண ரெகுலேட்டரையே நான் வாயில் வைப்பேன். சிலிண்டரோடு சேரும் இணைப்பையும் பாருங்கள். திருகிப் பொருத்தும் டின் வகை ரெகுலேட்டர் ஓர் அடாப்டர் போட்டால், கவ்விப் பிடிக்கும் யோக் வகைக்கான வால்விலும் உட்காரும். யோக் ரெகுலேட்டரை 300 பார் டின் வால்வில் மாட்ட முடியாது. பல நாடுகளில் இறங்குபவருக்கு டின்னும் அடாப்டரும் புத்திசாலித்தனம். இந்த ஒன்றில் மட்டும் “எங்கும் உதவும்” என்ற பேச்சு எடுபடும்.

பிசிடிக்கு அந்தச் சலுகை கிடையாது. “தூக்கும் திறன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு” என்கிறார்கள். 3 மி.மீ. உடை, ஒற்றை அலுமினிய சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டருக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய இரண்டரை கிலோ, நசுங்கிய உடையால் இழக்கும் மிதப்பு ஒன்று இரண்டு கிலோ. ஈயத்தைச் சரியாகக் கட்டியிருந்தால் தண்ணீருக்குள் பிசிடி தூக்க வேண்டியது இவ்வளவுதான். 13, 14 கிலோ தூக்கும் சிறிய விங்கே, அதாவது முதுகுப்பக்கம் மட்டும் காற்றுப்பை உள்ள பிசிடியே, போதும். இரட்டைச் சிலிண்டருக்கான 25 கிலோ விங்கை ஒற்றைச் சிலிண்டரில் கட்டினால், பக்கங்கள் சிலிண்டரைச் சுற்றி மடிந்து காற்றைச் சிறைப்பிடிக்கும். வெளியேற்ற வேண்டிய நேரத்தில் காற்று வெளியேறாது. பட்டுச்சேலையோடு நாற்று நட இறங்குகிற கதை.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கனமான ரப்பர் ஜெட் ஃபின் டிரைசூட்டின் மிதக்கும் கால்களை அமுக்கிப் பிடிக்கும். வண்டல் கலங்காமல் தவளை உதை உதைக்கவும் அதுதான் தோது. கால் வலு இல்லாதவருக்கு அதுவே தசைப்பிடிப்பைத் தரும். கரையில் கல்லும் முருகைக்கல்லும் மிதித்து இறங்குபவருக்கு பூட்ஸும் குதிகால் திறந்த ஃபின்னும் வேண்டும். படகிலிருந்து நேராகக் குதிப்பவருக்கு வெறுங்காலில் மாட்டும் லேசான ஃபின் போதும்.

“ஆழத்துக்கும் தாங்கும்” என்ற பேச்சுக்கு இலங்கையின் மட்டக்களப்புக் கடலே பதில் வைத்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் அந்தக் கரையோரம் மூழ்கடித்த கப்பல்களில் இரண்டு: எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல். ஒரே நாளில் மூழ்கியவை. எண்ணெய்க் கப்பல் கிடப்பது சுமார் 24 மீட்டரில், ஹெர்மிஸ் சுமார் 53 மீட்டரில். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் காற்று என்றால் ஏறத்தாழ 2,200 லிட்டர். அவசரத்துக்கு 50 பாரை ஒதுக்கிவிடுங்கள். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பவருக்கு எண்ணெய்க் கப்பலின் ஆழத்தில் அது 24 நிமிடம் வரும். ஹெர்மிஸின் அடியில் 13 நிமிடம். அதற்குள் இறங்குவதும் ஏறுவதும் வழியில் நின்று நின்று நைட்ரஜனைக் கழிப்பதும் அடக்கம். நடக்காது. கூடவே அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் புத்தியை மழுக்கும். எனவே ஹெர்மிஸுக்கு இரட்டைச் சிலிண்டர், ஹீலியம் கலந்த வாயு, மேலே வரும்போது சுவாசிக்க ஆக்சிஜன் கூடிய தனிச் சிலிண்டர், வாயுக்களை மாற்றி மாற்றிக் கணக்கிடும் கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றுக்கான தனிப் பயிற்சி. கேளிக்கை முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டும் அந்த எல்லையை நகர்த்தாது. பிரிட்டிஷ் சார்ஜன்டைப் பார்க்க அந்தச் சுமையெல்லாம் தேவையே இல்லை. சுமந்துகொண்டு போனால் கப்பலைப் பார்க்க நேரமிருக்காது, வால்வுகளைப் பார்க்கத்தான் நேரமிருக்கும்.

கடைசியாக, “சொந்த செட்தான் பாதுகாப்பு” என்பது. மாஸ்க்குக்கு இது முழு உண்மை. பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்ததும் விழாமல் நிற்பதுதான் உங்களுடையது, விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கம்ப்யூட்டரும் சொந்தமாக இருக்க வேண்டும், நேற்று நீங்கள் இறங்கிய ஆழமும் நேரமும் அதற்குத்தான் தெரியும். மற்றவற்றை, எந்த மாதிரிக் கடல் உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தபின் வாங்கலாம். வருடத்தில் ஒரு வாரம் அந்தமான் போகிறவரின் ரெகுலேட்டர் மீதி நாளெல்லாம் அலமாரியில் கிடந்தாலும் அதன் ஓ-ரிங்குகள் கிடந்தபடியே பழசாகும். சர்வீஸ் செலவும் குறையாது. அப்படிப்பட்டவருக்கு மாஸ்க், கம்ப்யூட்டர், உடம்போடு பொருந்தும் 3 மி.மீ. உடை ஆகிய மூன்றும் போதும், விமானத்தில் கைப்பையிலேயே அடங்கும். மீதியை அங்கே வாடகைக்கு எடுக்கும்போது ரெகுலேட்டரைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.