நுரை சொல்லும் சேதி

தில்லை நகரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "பிள்ளை மொட்டை மாடியில் வெந்நீர்த் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். பம்பைப் போட்டால் ஜலம் சுழன்று வந்து இடுப்பைப் பிடித்துவிடுகிறது. என் முழங்கால் வலிக்கு வெகு இதமாக இருக்கிறது. ஆனால் பதினைந்து நாளாக ஒரே நுரை! நுரை அடக்கும் மருந்து ஊற்றினால் அமுங்குகிறது. மறுநாள் பழைய குருடி, கதவைத் திறடி! என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

அந்த மருந்தை மேலும் மேலும் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. காய்ச்சல்காரரின் நெற்றியில் ஈரத் துணி போட்டால் சூடு சற்றுத் தணியும். காய்ச்சலுக்குக் காரணமானது உள்ளேதான் இருக்கும். நுரையும் அப்படித்தான். ஜலத்தில் ஏதோ சேர்ந்துவிட்டது என்று அது நமக்குச் சேதி சொல்கிறது.

என்ன சேர்ந்தது? ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காய் போட்டு இரண்டு சொம்பு விட்டுக்கொண்டு, அந்தக் கையோடு தொட்டியில் இறங்குகிறீர்களா? சீயக்காய்க்குச் சோப்பைப் போலவே நுரைக்கும் குணம் உண்டு. தலையில் மிஞ்சியது அத்தனையும் தொட்டிக்குள் போகிறது. பம்ப் அதில் காற்றைக் கலந்து, தயிர்ப் பானையில் மத்தைப் போட்டாற்போல் கடைகிறது. நுரைக்காமல் என்ன செய்யும்? எண்ணெய்ப் பிசுக்கோ வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், குழாய்க்குள்ளும் படியும். முகத்துக் கிரீம், ஷாம்பு, சரியாக அலசாத துணியில் தங்கிய சோப்புத் தூள் எல்லாம் இதே கணக்கில் சேர்த்திதான்.

இன்னொரு காரணமும் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதென்று வீட்டில் மென்னீர் இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? சோப்பை நுரைக்க விடாமல் தடுக்கும் சுண்ணாம்புச் சத்தை அது எடுத்துவிடுகிறது. அப்புறம் ஒரு துளி சோப்புக்கும் ஊர்ப்பட்ட நுரை வரும்.

"நுரைதானே, போனால் போகிறது" என்று சிலர் நினைக்கலாம். நுரை மட்டுமென்றால் நானும் பேசாமல் இருப்பேன். கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை, இந்த எண்ணெயும் அழுக்கும் முதலில் தின்றுவிடுகின்றன. வெந்நீரில் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். மிச்சம் இருப்பது கிருமிக்கு ஏற்ற கதகதப்பான ஜலம். சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடிப்பது இதனால்தான். அதைவிடப் பொல்லாதது லெஜியோனெல்லா என்ற கிருமி. அது நீர்த்திவலையோடு மூச்சில் ஏறி நிமோனியாவை உண்டாக்கும். 1999-ல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை ஓடவிட்டிருந்தார்கள். அதில் இறங்கிக் குளிக்காமல், பக்கமாக நடந்துபோனவர்களே நோயில் விழுந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை; அசட்டையாக இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி அளவு தொட்டி ஜலம் எடுத்து, மூடிக் குலுக்குங்கள். நுரை உடனே அடங்காமல் நின்றால் ஜலம் மாற வேண்டும். தொட்டிக்காரர்கள் சொல்லும் குழாய்ச் சுத்தத் திரவத்தை ஊற்றிப் பம்பை ஓடவிடுங்கள். பிறகு மின்சார மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஜலத்தை வடித்துவிடுங்கள். தொட்டியைப் பழந்துணியால் துடையுங்கள். சோப்புத் தூள் மட்டும் வேண்டாம். பேயை ஓட்டிப் பிசாசைக் கூப்பிட்ட கதையாகும்! வடிகட்டியைக் கழற்றிக் குழாய் ஜலத்தில் மடிப்பு மடிப்பாக அலசுங்கள். புது ஜலம் நிறைந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

சோதனைக் காகிதம் கடையில் கிடைக்கும். தொட்டியில் இறங்குமுன் அதை நனைத்துப் பாருங்கள். பி.எச். அளவு 7-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கட்டும். குளோரின் பத்து லட்சத்தில் 3 பங்குக்குக் குறையக் கூடாது. சூடு 40 டிகிரி செல்ஸியஸைத் தாண்ட வேண்டாம்.

மறுபடி எப்போது ஜலம் மாற்றுவது? அதற்கும் மனக்கணக்கு இருக்கிறது. தொட்டி கொள்ளும் லிட்டரை 11-ஆல் வகுத்து, வந்ததைத் தினம் குளிக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நாள் கணக்கு கிடைத்துவிடும். 1,200 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் குளித்தால் சுமார் 27 நாள். விருந்தாளிகள் வந்துவிட்டால் நாளும் குறையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. குளியலறை தேய்க்கும் ஆசிட்டையும் குளோரின் மருந்தையும், ப்ளீச்சிங் பவுடரானாலும் சரி, ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் விஷவாயு மூச்சை அடைத்துவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட்டியில் இறக்காதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்ட பிறகே இறங்கலாம். தொட்டியில் குளிக்கிறவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், தொட்டி விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அம்மா மண்டபத்தில் காவேரி ஸ்நானம் செய்கிறவர்கள் எண்ணெயும் அழுக்கும் ஆற்றோடு போயிற்று என்று இருந்துவிடலாம். அந்த ஜலம் ஓடுகிற ஜலம். உங்கள் தொட்டி ஜலமோ நேற்று வந்ததையும் இன்று வந்ததையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் எண்ணெய் ஸ்நானத்தைக் குளியலறையிலேயே முடித்து, நன்றாக அலசிக்கொண்டு மாடிக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் தொட்டிக்கும் லீவு கொடுத்துவிட்டால் இன்னும் உத்தமம். முழங்கால் வலியும் தீரும், நுரையும் தீரும், பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததும் வீணாகாது.