ஒரே சொடுக்கில் ஆயிரம் படங்கள்

திருமண வீடாயினும் சரி, தேர்தல் கூட்டமாயினும் சரி, இன்றைய இளம் புகைப்படக் கலைஞர் ஒரு நாளில் ஆயிரம் படங்களை எடுத்துவிடுகிறார். இரவில் கணினியின் முன் அமர்ந்து, ‘றோ’ எனப்படும் மூலக் கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் ஜேபெக்காக மாற்றுகிறார். அதே கட்டளையில் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கூர்மையாக்குகிறார். பிறகு, வன்தட்டில் இடமில்லை என்று மூலக் கோப்புகளை அழித்துவிடுகிறார். கல்முனைப் பகுதியில் இந்தப் பழக்கம் பரவிவருவதைக் காண்கிறேன். மொத்தமாக மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மொத்தமாகக் கூர்மையாக்குவதும், மூலத்தை அழிப்பதும் கூடாது என்பதே என் கருத்து.

மூலக் கோப்பு என்பது முழுமையான படமன்று. கமராவின் உணரி பெற்ற ஒளியின் கணக்கு அது. பெரும்பாலான கமராக்களில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தை மட்டுமே பதிகிறது. மற்ற இரண்டையும் அயல் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் ஊகிக்கிறது. அந்த ஊகத்தினால் படம் சற்று மங்குவது இயல்பு. ஆகவே சிறிதளவு கூர்மையாக்கல் தேவைதான். அன்றியும், 14 பிட் மூலக் கோப்பில் ஒரு நிறத்திற்கு 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் இருப்பவை 256 மட்டுமே. மாற்றியபின் இழந்ததை மீட்க வழியில்லை.

கூர்மையாக்கல் புதிய விவரம் எதையும் தருவதில்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் இருளை மேலும் இருட்டாக்கி, ஒளியை மேலும் வெளுப்பாக்கி, கண்ணுக்குத் தெளிவு போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறது. கணினிக்கு முன்பே இருட்டறையில் இது இருந்தது. நெகட்டிவோடு அதன் மங்கலான பிரதியொன்றைச் சேர்த்து அச்சிடுவார்கள். ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

விளிம்புகள் படத்துக்குப் படம் வேறுபடும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எவ்வாறு பொருந்தும்? மருதமுனைக் கைத்தறிப் புடவையின் நெருக்கமான இழைகளை மிகையாகக் கூர்மையாக்கினால், துணியில் இல்லாத அலைக்கோடுகள் மேலும் எடுப்பாகத் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் உயர்ந்த ஐஎஸ்ஓ வைத்து எடுத்த படத்தில் முகம் கூர்மையாவதற்கு முன் இரைச்சல் புள்ளிகளே கூர்மையாகும். முதியவரின் முகச்சுருக்கம் வெட்டுக்காயம் போலாகிவிடும்.

படம் எங்கே வெளியாகப் போகிறது என்பதும் முக்கியம். பத்திரிகைத்தாளில் மை ஊறிப் பரவும். அதனால் திரையில் சற்று மிகையாகத் தெரியும் கூர்மைதான் அச்சில் சரியாக அமையும். அதே கோப்பை இணையத்தில் இட்டால் விளிம்பெல்லாம் வெள்ளைக்கோடு ஓடும். நிபுணர் புரூஸ் பிரேசர் கூர்மையாக்கலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: கமராவின் மங்கலைச் சரிசெய்வது முதலாவது, படத்தின் தேவைக்கேற்பச் செய்வது இரண்டாவது, வெளியீட்டிற்கேற்பச் செய்வது மூன்றாவது. முதற்கட்டத்தை, ஒரே வெளிச்சத்தில் ஒரே கமராவால் எடுத்தவற்றுக்கு மொத்தமாகச் செய்யலாம். ஒரே இடத்துக்கு, ஒரே அளவில் அனுப்பும் படங்களுக்கு மூன்றாவதையும் அவ்வாறே செய்யலாம். இரண்டாவதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையா? இல்லை. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் நிர்மாணத்தை அடுத்து ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரிப்பது குறித்து மீனவரும் விவசாயிகளும் முறையிட்டு வருகின்றனர். அந்தக் கரையின் படம் ஒரு சாட்சி. அளவு மீறிக் கூர்மையாக்கினால் நீரும் மணலும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளை விளிம்பு தோன்றும். அது நுரையா, மென்பொருள் வரைந்த கோடா? எதிர்த்தரப்பு அப்படிக் கேட்கும்போது காட்டுவதற்கு மூலக் கோப்பு வேண்டும்.

உலகமும் அதைத்தான் கேட்கிறது. 2015 ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதம், மூலக் கோப்போடு ஒப்பிட்டபோது விதிமீறலுக்காக நிராகரிக்கப்பட்டன. அதே ஆண்டில் ரொய்ட்டர்ஸ் நிறுவனம், மூலக் கோப்பிலிருந்து பதப்படுத்திய படங்களை அனுப்பவேண்டாம் என்றும், கமராவே உருவாக்கிய ஜேபெக்கை அனுப்புமாறும் தன் சுயாதீனப் படப்பிடிப்பாளர்களைப் பணித்தது. வேகத்துக்கு அது உதவலாம். ஆனால் கமராவின் ஜேபெக்கும் ஒரு பொறியியலாளர் முன்கூட்டியே தீர்மானித்த கூர்மையோடுதான் பிறக்கிறது. எனவே, ஜேபெக்கை அனுப்புங்கள்; மூலத்தையும் வைத்திருங்கள் என்பதே என் நிலை.

எங்கள் கரைக்கு இதைவிட ஆழமான காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளோடு அல்பங்களும் போயின. பின்னர் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டுமானம் தடைசெய்யப்பட்டபோது, இன்ன இடத்தில் என் வீடு இருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லாதவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அன்று அலை அழித்ததை இன்று நாமே ஒரு சொடுக்கில் அழிக்கவேண்டுமா?

ஆகவே இளம் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆயிரம் படங்களையும் மொத்தமாக மாற்றுங்கள். காசு கொடுக்க இயலாவிடில் டார்க்டேபிள், றோதெரபி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கூர்மையாக்கலை இறுதியில், அளவு குறைத்தபின், தேவையறிந்து செய்யுங்கள். மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் பிரதி செய்து, ஒன்றைக் கடற்கரையிலிருந்து தள்ளி உறவினர் வீட்டில் வையுங்கள். ஒரு வன்தட்டின் விலை, கல்யாண வீடொன்றில் நீங்கள் பெறும் கூலியை விடக் குறைவுதான்.