உட்கார வைக்கும் மரியாதை

மரியாதை என்னும் பெயரால் ஒருவருக்குத் தீங்கு செய்ய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே நமது பதில். அது நம் தமிழ்க் குடும்பங்களில் நாள்தோறும், அன்போடு கூடியே நடந்து வருகின்றது என்றும் கூறுவோம். வீட்டில் ஒருவருக்கு அறுபது வயது நிறைந்தவுடன் மகன் அவர் கையிலிருக்கும் பையை வாங்கிக் கொள்ளுகின்றான். மருமகள் நாற்காலியை இழுத்துப் போடுகின்றாள். பேரன் தண்ணீர் கொண்டு வந்து நீட்டுகின்றான். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக் கொள்ளுகின்றோம்" என்பதே அவர் காதில் ஓயாமல் விழும் வார்த்தையாகி விடுகின்றது. அவரும் அதைத் தம் ஆயுட்கால உழைப்புக்குக் கிடைத்த கௌரவமென்று எண்ணி மகிழ்ந்து உட்காருகின்றார். பத்தாண்டு கழிந்தபின், எழுந்து நிற்க வேண்டுமானால் இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டிய நிலைமைக்கு வந்து சேருகின்றார். அப்பொழுது நாம் எல்லோருமாகச் சேர்ந்து, "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று பழி முழுவதையும் வயதின் தலையில் சுமத்திவிடுகின்றோம்.

இந்தப் பழி நியாயமானதுதானா?

முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை மனிதனது தசை குறைந்து வருகின்றதென்றும், 60 வயதுக்கு மேல் அக்குறைவு இன்னும் விரைவடைகின்றதென்றும் வைத்திய நூலார் கூறுகின்றனர். இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க வைத்தியர் 1989இல் இதற்குச் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். தமிழில் தசைநலிவு எனலாம். இதில் வயதுக்குப் பங்குண்டு. அதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால், பயன்படுத்தாமைக்கும் பெரும் பங்குண்டு. கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட இருபது வயது வாலிபனைப் பாருங்கள். கட்டைப் பிரிக்கும் நாளில் அந்தக் கால் மற்றக் காலைவிட மெலிந்து கிடக்கின்றது. ஆறு வாரத்தில் அவனுக்கு வயதாகிவிட்டதா? இல்லை, கால் வேலையற்றுக் கிடந்தது, அவ்வளவே. ஆறு வாரம் வாலிபனுக்குச் செய்வதை, நாற்காலியில் கழியும் பத்தாண்டு கிழவருக்குச் செய்யாதா என்று கேட்கின்றோம்.

நிற்க. நலிந்த தசை மீண்டும் வலுப்பெறுமா என்பதற்குப் பிரத்தியட்சமான சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்னும் பெண் வைத்தியரும் அவர் கூட்டத்தாரும் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். முடிவு 1990இல் வெளியாயிற்று. பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரி 174 விழுக்காடு ஏறியிருந்தது. அவர்களுள் இருவர் கைத்தடி இல்லாமலே நடக்கலாயினர். தமிழனோ முதுமையைத் தடியோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டவன். இளமையில் மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை நினைத்து ஏங்கும் கிழவரைப் பாடிய புறநானூற்றுப் புலவருக்கு, அக்கிழவர் ஊன்றிய தண்டைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வழங்கிவிட்டது. தொண்ணூறு வயதில் தடியைக் கீழே வைக்கவும் முடியும் என்ற செய்தி நம்மவர் காதில் இன்னும் ஏறவில்லை.

அது வெள்ளைக்காரர் தேகம், நமக்கு ஒத்துவராது என்று யாரும் தட்டிக் கழிக்க வேண்டாம். நம் சிங்கப்பூரிலேயே, உடல் நலிந்த அல்லது நலியத் தொடங்கிய 246 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. ஆறு மாதம் சிலருக்கு ஊட்ட உணவும், சிலருக்கு அறிவுப் பயிற்சியும், சிலருக்கு உடற்பயிற்சியும், சிலருக்கு மூன்றும் சேர்த்தும் அளிக்கப்பட்டன. ஓராண்டு முடிவில், இவை ஒன்றும் பெறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கே நலிவு குறைந்தது. பெற்றவர்களிலோ, கூட்டத்துக்குக் கூட்டம் நூற்றுக்கு 35 முதல் 48 பேர் வரை தேறினர். மூன்றையும் பெற்றவர்களுக்கே தேறும் வாய்ப்பு மிகுதியாயிருந்தது. ஒன்றை மட்டும் பெற்றவர்களில் உடற்பயிற்சியாளரே முன்னின்றனர்.

இனி, நம்மவர் கூறும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

"தோட்டத்தில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்த தோள் இது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதுகு இது, எங்களுக்கா பயிற்சி சொல்ல வந்தீர்?" என்பார் சிலர். அந்தத் தோளுக்கும் முதுகுக்கும் தலைவணங்குகின்றோம். ஆனால், முப்பதாண்டுக்கு முன் உண்ட சோறு இன்றைய பசியைத் தீர்க்குமா? அன்றியும் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பில் சுமையின் அளவைத் தீர்மானித்தவன் கங்காணி. ஓய்வைத் தீர்மானித்தது ஆலைச் சங்கு. ஒரே தோள், ஒரே முதுகு, ஒரே அசைவு என்று ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது உடம்பு. பயிற்சியிலோ சுமையைத் தீர்மானிப்பவர் நீங்கள். எல்லா அங்கங்களுக்கும் முறை வருகின்றது. சுமை சிறிது சிறிதாக ஏறுகின்றது. இடையே தசை தேறுவதற்கு ஓய்வும் உண்டு. பிறருக்காகத் தேய்ந்த உடம்பைத் தமக்காக ஒருமுறை வளர்த்துப் பார்க்க வேண்டாமா?

"நான்தான் தினந்தோறும் செராங்கூன் சாலையில் தேக்கா வரை நடந்து வருகின்றேனே" என்பார் வேறு சிலர். நடை நன்று, இருதயத்துக்கு அது உற்ற துணை. ஆயினும், நடையோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும், 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலையையும் வலிமையையும் பேணும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியிருக்கின்றது. நடப்பவர் தடுக்கி விழும்போது அவரைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் வலிமையேயன்றி நடந்த தூரமன்று.

"முழங்கால் வலிக்கின்றதே" என்பது அடுத்த சமாதானம். முழங்காலைத் தாங்கி நிற்பது தொடைத்தசை. அது மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின்மேல் இறங்குகின்றது. வலிக்கின்றதென்று உட்காருவதும், உட்கார்ந்ததால் மேலும் வலிப்பதும் முடிவற்ற சுற்றாகிவிடுகின்றன. ஆதலால்தான் மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியர்களே தொடைப் பயிற்சியை விதிக்கின்றார்கள்.

"பெண்களுக்கு வீட்டு வேலையே போதும்" என்பது எல்லாவற்றினும் மோசமானது. பெண்கள் மாதவிலக்கு நின்றபின் எலும்பின் அடர்த்தியையும் விரைவாக இழக்கின்றார்கள். ஆஸ்திரேலியாவில், எலும்பு மெலிந்த 58 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் வாரத்துக்கு இருமுறை அரைமணி நேரம், பயிற்றுநர் கண்காணிப்பில், எட்டு மாதம் கனத்த எடை தூக்கினர். அவர்களது இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு கூடியதென்றும், இலேசான பயிற்சி மாத்திரம் செய்தவர்களுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததென்றும் 2018இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. பாத்திரம் கழுவுவதால் இது நேருமா?

"நல்ல டானிக் ஒன்று குடித்தால் போகின்றது" என்று கூறுவோருக்கும் விடையுண்டு. முன் சொன்ன ஃபியாடரோன் கூட்டத்தார் சராசரி 87 வயதுள்ள 100 முதியோரை ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டனர். பத்து வாரம் எடை தூக்கியவர்களின் தசை வலிமை 113 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மாத்திரம் குடித்தவர்களுக்கு நலிவு நீங்கவில்லை. கல்லும் மணலும் வந்து குவிந்தாலும் கொத்தனார் வராமல் சுவர் எழும்புவதில்லை.

சிங்கப்பூரிலும் ஒரு டானிக் உண்டு. ஆனால் அது குடிப்பதன்று. லியன் அறநிறுவனம் 2015இல் 'ஜிம் டானிக்' என்னும் பெயரால் முதியோர் நிலையங்களில் வலிமைப் பயிற்சியைத் தொடங்கிற்று. பின்லாந்து தேசத்து இயந்திரங்கள் அங்கே வைக்கப்பட்டன. அவற்றில் இரும்புத் தட்டுகளுக்குப் பதிலாக அழுத்திய காற்றே சுமையாக நிற்கின்றது. ஆதலால் சுமையை மிகச் சிறு அளவாக ஏற்றலாம். ஆக்டிவ்எஸ்ஜி பயிற்சிக் கூடங்களிலும் 65 வயது நிறைந்த குடிமக்களுக்குக் கட்டணமில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர் தம் குடும்ப வைத்தியரிடமே பயிற்சிக்கு யோசனை கேட்கலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களின் அடியில் முதியோருக்கான உடற்பயிற்சி மூலைகளும் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் நம் பெரியவர்கள் அவற்றின் அருகிலுள்ள கல்மேசையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பதையே காண்கின்றோம். கூடம் இல்லையென்பது குறையன்று. போகத் துணியாமையே குறை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகின்றோம்? 2014இல் இந்நாட்டுக் குடிமக்களில் நூற்றுக்கு 12.4 பேர் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள். 2024இல் அது 19.9 ஆயிற்று, 2030இல் நால்வரில் ஒருவர் என்ற கணக்காகுமென்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கின்றது. வீட்டிலே பிள்ளைகள் ஒருவர் இருவர். அவர்களும் பகலெல்லாம் வேலையில். யார் யாரைத் தூக்குவது? மேலும், 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்தியருள் நூற்றுக்கு 17.2 பேருக்கு நீரிழிவு, சீனருள் 9.7 பேருக்கே. உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் சேர்த்து வைக்கும் பெரிய களஞ்சியம் தசைதான். களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை எங்கே போகும்? ஆகவே தசைநலிவு நமக்கு இரட்டைக் கேடு.

செய்ய வேண்டியது கடினமன்று. முதலில் உங்களைச் சோதித்துக் கொள்ளுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து உட்காருங்கள். அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைநலிவுக்கு அறிகுறி என்று ஆசியத் தசைநலிவு ஆய்வுக் குழு 2019இல் வரையறுத்தது. பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டு, நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், குதிகால் உயர்த்தல், கையில் எடை ஏந்தித் தூக்கல் ஆகியவற்றைச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை; கடைசி இரண்டு முறை சற்றுக் கடினமாயிருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் சுமையை ஏற்றுங்கள். அதே சுமையில் நின்றுவிட்டால் பயனும் நின்றுவிடும். மூச்சை அடக்க வேண்டாம். இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். உணவில் முட்டை, மீன், பருப்பு, கடலை, தயிர் இவற்றை ஒவ்வொரு வேளையும் சேருங்கள். சிறுநீரக நோயுள்ளவர் இதற்கும் வைத்தியர் சொற்படி நடக்கவேண்டும்.

இதனால் நரை கறுக்கும், ஆயுள் இரட்டிக்கும் என்று நாம் ஆசை காட்டவில்லை. மூப்பு வரும்; மரணமும் வரும். ஆனால், அவை வரும்வரை தன் கழிப்பறைக்குத் தானே எழுந்து போவதும், தன் சட்டையைத் தானே மாட்டிக் கொள்வதும், பேருந்தில் தன் கால்களால் ஏறித் தேக்காவில் தனக்குப் பிடித்த மீனைத் தானே வாங்கி வருவதும் மனிதனுடைய மானம். அந்த மானம் தொடைத்தசையில் இருக்கின்றது.

நம் முன்னோர் ஊர் மந்தையில் இளவட்டக்கல்லைப் போட்டு வைத்தார்கள். வாலிபர் அதைத் தூக்கித் தம் வலிமையைக் காட்டினார்கள். கல்லை இளைஞருக்கும் திண்ணையைக் கிழவருக்கும் பங்கிட்ட அந்த வழக்கம் இனிப் போதாது. முதியவருக்கும் அவரவர் அளவுக்கேற்ற கல்லொன்று வேண்டும். ஆகவே, பிள்ளைகளே! உங்கள் தாய் தந்தையர் கையிலுள்ள பையை விரைந்து பிடுங்காதீர்கள். அவரால் தூக்கக் கூடியதாயின் அவரே தூக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நடந்து செல்லுங்கள். பெரியோர்களே! அடுத்த முறை யாரேனும் நாற்காலியை இழுத்துப் போட்டால், உட்காருங்கள். உட்கார்ந்தவுடன் கையூன்றாமல் எழுந்திருங்கள். அதையே பத்துமுறை செய்யுங்கள். நாற்காலியின் சரியான உபயோகம் அதுவேயாகும்.