டீச்சர் உட்காரட்டும்!

இரண்டு வருஷத்துக்கு முன், செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, எங்கள் தெருக்கோடிப் பாலர் பள்ளியில் ஆசிரியர் தின விழா நடந்தது. என் பேரனுக்கு அன்று முயல் வேஷம். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. பாட்டி போகாவிட்டால் எப்படி? நானும் போய் முன் வரிசையில் உட்கார்ந்து கொண்டேன்.

ஏக தடபுடல்! வாசலில் பலூன், மேடையில் ஜிகினாத் தோரணம், காதைத் துளைக்கும் ஒலிபெருக்கி. ஐந்து முயல்கள் மேடைக்கு வந்தன. ஒரு முயல் அம்மாவைப் பார்த்ததும் அழுதது. இன்னொன்று தன் காதைப் பிய்த்து வாயில் போட்டுக் கொண்டது. என் பேரன் கையைக் கட்டிக் கொண்டு நின்றானே தவிர, ஒரு துள்ளு துள்ள வேண்டுமே! திரை ஓரமாக ஒரே ஒருவர் மட்டும் விடாமல் துள்ளிக் காட்டிக் கொண்டிருந்தார். அவர்தான் டீச்சர்.

சின்னப் பள்ளிக்கூடம் அது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே டீச்சர், ஒரு ஆயா. முயல் காதுகளைத் தைத்தது டீச்சர். ஆட்டம் சொல்லிக் கொடுத்தது டீச்சர். அழுத முயலைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொண்டதும் அவர்தான். நாங்கள் கேக் தின்று கொண்டிருந்தபோது, அவர் ஒரு குழந்தைக்கு நனைந்த கால்சட்டையை மாற்றிக் கொண்டிருந்தார். கடைசியில், எங்கள் அன்புப் பரிசு என்று ஒரு சுவர்க் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தோம். "ரொம்ப சந்தோஷம்" என்றார். எப்போது வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கல்யாணப் பெண்ணையே பந்தி பரிமாறச் சொன்ன மாதிரி அல்லவா ஆகிவிட்டது!

டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962-ல் ராஷ்டிரபதியானபோது, தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம், அதை ஆசிரியர்களின் தினமாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்றாராம். அன்றைக்கும் ஆசிரியரையே வேலை வாங்கினால் அது என்ன கொண்டாட்டம்?

ஆகவே சென்ற வருஷம் அம்மாமார்களும் பாட்டிமார்களுமாகக் கூடிப் பேசினோம். எட்டு டான்ஸும் ஒரு நாடகமும் வைக்கலாம் என்றாள் ஒரு அம்மாள். "யார் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டேன். "டீச்சர்தான்" என்று சொல்ல வாயெடுத்தவள், நாக்கைக் கடித்துக் கொண்டாள். அப்போதே தீர்மானம் நிறைவேறியது: விழா முடிகிற வரை டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஆயாவுக்கும் அதே சட்டம். அவர் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி.

உங்கள் வீட்டுக் குழந்தையின் பள்ளியிலும் இந்த மாதிரி செய்ய நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்து நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் பசியும் தூக்கமும் சேர்ந்து விழாவைக் கலைத்துவிடும். மூன்று, நான்கு வயசுக் குழந்தைகளுக்கு ஒத்திகை உதவாது. அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விளையாட்டே போதும். நனைந்த கால்சட்டைக்கு ஒரு அம்மா, அழுகிற குழந்தைக்கு ஒரு அம்மா என்று முன்கூட்டியே பிரித்துக் கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம்.

முதலில் 'குட்டி டீச்சர்' வைத்தோம். அப்பாக்கள் ஆறு பேர் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள்தான் மாணவர்கள். கண்ணாடியில்லாத மூக்குக் கண்ணாடியும் கைப்பையுமாக வந்தாள் ஒரு நாலு வயசுச் சிறுமி. "எல்லாரும் வாயிலே விரல் வைங்க!" என்று ஒரு அதட்டல்! பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக விரலை வைத்துக் கொண்டார். வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறகு அந்தச் சிறுமி, அழுவது போல் நடித்த ஒரு அப்பாவின் தலையைத் தடவி, "அழாதே கண்ணு, பன்னெண்டு மணிக்கு அம்மா வந்துடுவாங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்ல?" என்றாள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. நாம் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போன பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்து விளையாட்டு. நாற்காலிப் போட்டி வேண்டவே வேண்டாம். தோற்றவர் வெளியே என்ற சட்டம் அந்த வயசுக்குப் புரியாது. வெளியே போன குழந்தை வீடு போய்ச் சேரும் வரை அழும். அதற்குப் பதில் தரையில் கோலப்பொடியால் ஏழெட்டு வட்டங்கள் போடுங்கள். அவற்றில் ஒன்று மட்டும் பெரியதாக இருக்கட்டும். ஒரு அம்மா பாட வேண்டும். பாட்டு நின்றதும் குழந்தைகள் ஏதாவது ஒரு வட்டத்துக்குள் ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டத்தைத் துடைத்துவிடுங்கள். யாரும் வெளியே இல்லை! எங்கள் வீட்டு வாண்டுகள் 18 பேரும் கடைசியில் பெரிய வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் கட்டிக் கொண்டு நின்ற காட்சி இருக்கிறதே, எந்த டான்ஸும் அதற்கு ஈடாகாது.

பலகாரம் வீட்டுக்கு ஒன்று: ரவா கேசரி, இட்லி, மோர். முழு வேர்க்கடலை, முழு கொண்டைக்கடலை வேண்டாம். சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக் கொள்ளும். பலூனும் அப்படித்தான். வெடித்த துண்டு வாய்க்குள் போனால் ஆபத்து. முதல் தட்டு டீச்சருக்கும் ஆயாவுக்கும். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற வரை ஒரு குழந்தையும் பக்கத்தில் போகாமல் பார்த்துக் கொண்டோம்.

பரிசுக்கு அதிகச் செலவில்லை. ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். "டீச்சர் என்ன செய்வாங்க? ஆயா என்ன செய்வாங்க?" என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் அதன் கட்டை விரல் ரேகையைப் பதித்தோம். "மூக்கைத் துடைப்பாங்க" என்றது ஒன்று. "ராத்திரி ஸ்கூல்லயே தூங்குவாங்க" என்றது இன்னொன்று!

கடைசி விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 1939-ல் மாண்டிசோரி அம்மையார் தமது 69-வது வயசில் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் 'மௌன விளையாட்டு' என்று ஒன்று உண்டு. குழந்தைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க, டீச்சர் தூரத்திலிருந்து ஒவ்வொரு பெயராக ரகசியம் போல் கூப்பிடுவார். பெயர் கேட்ட குழந்தை அடிச் சத்தம் கேளாமல் எழுந்து போக வேண்டும். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். டீச்சரின் கண்ணைக் கட்டினோம். ஒவ்வொரு குழந்தையாகப் பின்னால் வந்து, மெல்ல "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும். யார் என்று அவர் சொல்ல வேண்டும்.

முதலில் அம்மாக்கள் விளையாடிப் பார்த்தார்கள். இரண்டு பேர் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தம் பிள்ளை என்று அடித்துச் சொன்னார்கள்! டீச்சரோ 17 குழந்தைகளையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பதினெட்டாவதாக ஒரு சின்னக் குரல், காற்று மாதிரி, "டீச்சர்" என்றது. டீச்சர் யோசித்தார். தலையை ஆட்டினார். "தெரியலையே!" என்றார்.

எப்படித் தெரியும்? பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பையன் அவன். வீட்டில் பேசுவான், பள்ளி வாசலை மிதித்தால் ஊமை. அந்தக் குரலை டீச்சர் அதுவரை கேட்டதே இல்லை.

கட்டை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எங்கள் தீர்மானம் என்னவாயிற்று என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். அன்று முழுவதும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான். நாங்களும் தடுக்கவில்லை.