பத்துத் தொகுதிகளும் ஒரு பதிவு எண்ணும்

இந்த வாரம் முழுக்க 31 லட்சம் என்கிற எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காரமடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டம். மேடையில் பேசியவர், இந்தியாவில் 31 லட்சம் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்களைவிட இவைதான் அதிகம் என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாழைத் தோட்டக்காரர் என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, இத்தன டிரஸ்ட்டு இருக்குதுன்னா அத்தனையும் காசு பாக்கறதுக்குத்தானுங்க?" என்று கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. விளக்கம் சொல்லாமல் எண்ணை மட்டும் வீசிவிட்டுப் போனவர் மேல்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

அந்த எண் பொய்யல்ல. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கின்படி 2008 வரை நாட்டில் பதிவான இலாப நோக்கற்ற நிறுவனங்கள் 31 லட்சத்துக்கும் மேல். 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் சி.பி.ஐ. கொடுத்த கணக்கும் அதை ஒட்டியே இருந்தது. ஆனால் புள்ளியியல்காரர்கள் அதோடு நிற்கவில்லை. பதிவேட்டில் இருந்த முகவரிகளை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போனார்கள். ஏறக்குறைய 22 லட்சம் முகவரிகளைத் தேடிப் பார்த்ததில் ஆள் இருந்தது 7 லட்சத்துக்கும் சற்றுக் குறைவான இடங்களில்தான். அறிக்கையின் இந்தப் பாதியை மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

மற்ற முகவரிகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்துவிடலாம். பெரும்பாலும் செயலாளரின் வீடுதான் சங்கத்தின் முகவரி. அவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டால் சங்கமும் கூடவே போய்விடும். முறைப்படி கலைக்க வேண்டுமென்றால் கூட்டம் போடவேண்டும், சிறப்புத் தீர்மானம் வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும். ஊக்கம் வற்றிப்போன ஏழு பேர் அதற்கு மெனக்கெடுவார்களா? பதிவேட்டில் பெயர் மட்டும் நின்றுவிடுகிறது. அதைப் பார்த்து இத்தனை திருட்டா என்று கேட்பது, சுடுகாட்டையும் சேர்த்து எண்ணிவிட்டு ஊரில் இத்தனை பேர் சும்மா படுத்திருக்கிறார்களே என்று திட்டுவது போல.

அந்தக் கணக்கில் வராதவையும் ஏராளம். நம் பக்கம் நல்ல காரியம் தொடங்க நினைப்பவர்கள் அதிகமும் டிரஸ்ட்டாகத்தான் தொடங்குவார்கள். பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. சங்கங்களின் பதிவேடு வேறு, இது வேறு. பதிவே செய்யாதவை இன்னொரு பெருங்கூட்டம். மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர் ஓடும்போது காரமடைக்கு வந்து பாருங்கள். மோர்ப் பந்தல், அன்னதானம், தண்ணீர் சேவைக்கும் பந்த சேவைக்கும் வருகிறவர்கள் தங்க இடம். வருடம் தவறாமல் இதைச் செய்கிறவர்களில் பலரிடம் பதிவு எண்ணும் கிடையாது, பான் கார்டும் கிடையாது. கையில் ஒரு நோட்டு, அதில் வரவு செலவு, அதைத் தட்டிக் கேட்க ஊர். அவ்வளவுதான்.

வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையில் 1926-ல் பூளைமேட்டு நாயுடு குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர், சொத்தில் அறத்துக்கென்று ஒரு பங்கை ஒதுக்கித் தொடங்கியது பி.எஸ்.ஜி. அறநிலையம். அது இன்று கல்லூரிகளும் மருத்துவமனையுமாக நிற்கிறது. சிங்காநல்லூரில் சாந்தி சோஷியல் சர்வீஸ், கியர் தொழிலில் சம்பாதித்த ஒருவர் குறைந்த விலையில் சாப்பாடும் மருந்தும் கிடைக்கச் செய்த இடம். குளங்களுக்காக 2003-ல் தொடங்கியது சிறுதுளி. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பின்னாலும் ஓர் அறக்கட்டளைதான் இருக்கிறது. புள்ளியியல் அட்டவணையில் இவற்றுக்குக் கல்வி, சுகாதாரம், சமூக சேவை, பண்பாடு என்று கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் அதில் ஒரே ஒரு வரி. பத்து வருடமாகக் கூட்டமே போடாத சங்கத்துக்கும் அதே ஒரு வரி.

அந்த வரிகளில் ஒன்றைப் பற்றித்தான் எனக்குப் பேசவேண்டும். காரமடையிலிருந்து கோவைக்குப் போகும் வழியில் பெரியநாயக்கன்பாளையம். அங்கே இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் 1930-ல் தொடங்கியது. அந்த வித்யாலயத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. படித்தது கணிதம், எழுதியது கவிதையும் கதையும், கூடவே இன்றும் கச்சேரிகளில் பாடப்படும் கீர்த்தனைகள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஆமாம், கலைக்களஞ்சியம். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அதைப் பற்றி எழுதியது போதும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரான அவிநாசிலிங்கம், அந்த ஆண்டே தமிழ் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பையும் நிறுவினார். அரசுத் துறையாக அல்ல, ஒரு கழகமாக. மறு ஆண்டே தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவரும் வேலை தொடங்கியது. முதன்மை ஆசிரியர் பொறுப்புக்கு அவர் அழைத்தது, பெரியநாயக்கன்பாளையத்தில் தனக்கு நன்றாகத் தெரிந்த தூரனை. முதல் தொகுதி 1954-ல் வந்தது, ஒன்பதாம் தொகுதி 1963-ல், இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968-ல். அதற்கு முன் தமிழில் அபிதான சிந்தாமணி இருந்தது. 1910-ல் வெளிவந்த அது சிங்காரவேலு முதலியார் என்ற ஒற்றை மனிதரின் வாழ்நாள் உழைப்பு, கும்பிடவேண்டிய புத்தகம். ஆனால் அணுவைப் பற்றியும் பயிர் நோயைப் பற்றியும் பொருளாதாரத்தைப் பற்றியும் அந்தந்தத் துறை அறிந்தவர்களிடம் எழுதி வாங்கி, அகரவரிசைப்படி அடுக்கியது கலைக்களஞ்சியம்தான்.

தொடங்கி முதல் தொகுதி வர ஏழு வருடம் ஆகிவிட்டதே என்று சிலர் குறை சொல்வார்கள். அகரவரிசை என்பது எவ்வளவு கொடுமையான எசமான் என்று அவர்கள் யோசித்ததில்லை. அகரத்தில் வரவேண்டிய ஒரு கட்டுரை கைக்கு வரவில்லையென்றால் தொகுதி முழுதும் நிற்கும். ஒன்பது தொகுதிக்கும் தலைப்புகளை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பாதியில் நினைவு வந்த தலைப்பின் எழுத்து அச்சாகிப் போயிருந்தால் திரும்ப வழியில்லை. எழுதக்கூடிய அறிஞர்கள் பலர் ஆங்கிலத்தில் படித்தவர்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தமிழாக்கி, தலைப்புக்குத் தலைப்பு கலைச்சொல் மாறாமல் காத்து, ஒரு கவிஞரின் காதால் வாக்கியத்தைத் தட்டிப் பார்த்து அச்சுக்கு அனுப்பவேண்டும். கம்ப்யூட்டர் இல்லை, ஜெராக்ஸ் இல்லை. அச்சுக் கோத்த காலம்.

பெரியவர்களுக்கான வேலை முடிந்ததும் தூரன் ஓய்ந்துவிடவில்லை. 1968-ல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது, 1976-க்குள் அதிலும் பத்துத் தொகுதிகள். மனிதர் தன் நாற்பது வயது முதல் கிட்டத்தட்ட எழுபது வயது வரை இதற்கே கொடுத்திருக்கிறார். 1968-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1987-ல் மறைந்தார். நன்கொடையையும் அரசு மானியத்தையும் கொண்டு, இலாபம் பார்க்காத ஓர் அமைப்பு தமிழுக்குச் செய்த இந்த வேலையை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் போடுவது? பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்?

என் மனத்தாங்கல் இங்கேதான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம், பல நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஆனால் பணம் பெரும்பாலும் அந்தந்த நிதியாண்டுக்கென்றே வருகிறது. மார்ச் மாதம் முடிவதற்குள் கட்டடமோ கழிப்பறையோ கண்ணில் தெரியவேண்டும், படம் எடுக்கவேண்டும், பயனடைந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதவேண்டும். ஏழு வருடம் கழித்துத்தான் முதல் தொகுதி வரும், அதுவும் அகரத்திலேயே நிற்கும் என்று ஒருவர் இன்று விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொங்கு நாட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை, கொடுக்கிற மனசுக்கும் பஞ்சமில்லை. மண்டபம் கட்டுகிறோம், பள்ளி கட்டுகிறோம், கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கிறோம். நெடுங்காலம் பொறுத்திருக்க வேண்டிய ஒரு வேலைக்குக் கொடுக்கத்தான் பழகாமல் போய்விட்டோம்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பின்னால் வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் கொண்டுவந்தது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இலங்கைத் தமிழரான மயூரநாதன் போன்றவர்கள் கூலி வாங்காமல் எழுதி வளர்த்தது. அதைத் தாங்கி நிற்பதும் இலாப நோக்கற்ற ஓர் அமைப்புதான். எனக்கு அவை எல்லாமே வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை மடியில் வைத்துப் புரட்டும் படமும் தாளுமான குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு மாற்று இவற்றில் எதுவும் இல்லை. அது வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சந்திரனைப் பற்றியும் கணினியைப் பற்றியும் அதில் உள்ளதை இன்று ஒரு பிள்ளைக்கு அப்படியே கொடுக்க முடியாது. முழுதாகத் திருத்திப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். பி.எஸ்.ஜி., அவிநாசிலிங்கம் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம் என்று எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊர் கோவை. சென்னையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நூலகங்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் சலித்துக்கொள்ளும் வாசகர்கள் இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் முதல் வரிசை நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும் அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்ததுதான். வீட்டு வரியோடு நாம் ஒவ்வொருவரும் கட்டும் நூலக வரிக்கு அதுதான் ஆதாரம். சட்டமும் புத்தகமும் ஒரே ஆளின் முயற்சியில் ஒரே காலத்தில் பிறந்தன. அப்படியிருக்க, நான் பார்த்த பல கிளை நூலகங்களில் கலைக்களஞ்சியம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால், குறிப்புதவி நூல், வெளியே எடுக்கக் கூடாது என்கிறார்கள். சாவி வேறு ஒருவரிடம் இருக்கும், அவர் அன்றைக்கு வந்திருக்க மாட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தொகுதிகளை வைத்திருக்கிறார்கள், போனில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கு நன்றி. ஆனாலும் வரி கட்டுகிற நமக்கு அலமாரியும் திறக்கவேண்டும்.

தோட்டக்காரரின் கேள்விக்கு அன்றைக்கு அவசரத்தில் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பத்தியை அவருக்கு அனுப்புகிறேன். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரத்துக்குள் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், கலைக்களஞ்சியத்தில் எத்தனை தொகுதிகள் இருக்கின்றன, எது காணவில்லை, சாவி யாரிடம் என்று பார்த்து எழுதுங்கள். குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் மறக்காமல் பாருங்கள். காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை, பெரியநாயக்கன்பாளையம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் கடிதங்களை முதலில் வெளியிடுவேன்.