நகை போகிறது, பெயர் ஏறுகிறதா?

பிள்ளைகளின் படிப்புக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீடு வாங்க நகையைக் கழற்றிக் கொடுக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, வீடு கைமாற நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். வெறும் கடுதாசித் துண்டு போதாது. தொடர்மாடியாயின், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதன் வரைபடமும் பதிவாகியிருக்க வேண்டும். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்தூக்கி, தண்ணீர், காவல் என்று மாதந்தோறும் பராமரிப்புப் பணமும் கேட்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

பெண்ணின் பொருள் பெண்ணுக்கே என்பது மார்க்கம் தந்த உரிமை. உங்கள் நகை போன வீட்டின் உறுதியில் உங்கள் பெயரும் ஏறட்டும். வாய்வார்த்தை நாளை சாட்சி சொல்ல வராது.