நாடக மின்பனுவல்களில் பங்களிப்பாளர்: பெயரும் பணியும்

பரிபாடலின் பெரும்பாலான பாடல்களுக்கு உரிய அடிக்குறிப்புகள் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரையும் பண்ணையும் தனித்தனியே தருகின்றன. ஐந்தாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார், அதற்கு இசை வகுத்தவர் கண்ணனாகனார், பண் பாலையாழ். பாட்டும் இசையும் இருவேறு உழைப்புகள் என்பதை அக்குறிப்புகளை எழுதியோர் அறிந்திருந்தனர். இன்று தமிழ் நாடக நூல்கள் மின்பனுவலாகும்போதோ, பெரும்பாலும் 'ஆசிரியர்' என்னும் ஒரே புலமும் அதில் ஒரே பெயருமே எஞ்சுகின்றன.

அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையை நோக்கலாம். அவர்தம் மாணவர்களான சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் அதற்கு இசையமைத்தனர் என இசை வரலாற்றாசிரியர் கூறுவர். இன்று மேடையில் ஒலிக்கும் மெட்டுகளுள் பல பிற்காலத்தார் அமைத்தவை. இராகமும் தாளமும் கவிராயர் பெயரின்கீழ் மட்டும் பதிவாகுமாயின் மாணவர் இருவரும் மறைவர். பிற்காலத்தார் மெட்டும் கவிராயருடையதாகிவிடும். மனோன்மணீயத்தின் (1891) நிலை வேறு. அது லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. சுந்தரம் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் என்பதும் பிழை, லிட்டனை இணையாசிரியர் என்பதும் பிழை. 'தழுவல் மூலம்' என்றொரு தனி உறவே இங்குப் பொருந்தும். வழிநூலை நால்வகைப்படுத்திய தொல்காப்பிய மரபியலைக் கற்றோர்க்கு இத்தகைய பாகுபாடு புதிதன்று.

சிக்கல் மிகக் கூர்மையடைவது இசை நாடகத்தில்தான். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) மரபில் பாடல்கள் ஓரளவு நிலைபெற்றவை; உரையாடலை நடிகர் மேடையிலேயே விரித்துப் பேசுவர். ஸ்பெஷல் நாடகத்தில் இன்றும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே ஒரு பதிப்பில் காணும் உரைநடைப் பகுதி சுவாமிகளுடையதா, நடிகர் ஒருவருடையதா, பதிப்பாசிரியர் செப்பம் செய்ததா என்பது திறந்த வினா. சொல்லடைவும் நடையியல் கணக்கீடும் கணினிவழி நடைபெறும் காலத்தில் இவ்வினாவை மூடிவிட்டு 'சுவாமிகளின் உரைநடை' பற்றி முடிவுகூறுவது வேறொருவர் நாவை அளந்து அவருக்கு உரிமையாக்குவதாகும். பெயரறியா நடிகர்க்கு இழைக்கப்படும் அநீதியும் இதில் அடங்கியுள்ளது.

இதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. 1987இல் தொடங்கிய உரைக் குறியீட்டு முன்முயற்சியின் நெறிமுறை, மின்கோப்பை ஆக்கியோரையும் அதற்கு மூலமான அச்சு நூலை ஆக்கியோரையும் தலைப்பகுதியில் வெவ்வேறிடத்துக் குறிக்க வகைசெய்கிறது. பொறுப்பு இன்னது, பெயர் இன்னது என இணைத்து எழுதலாம்; அவ்விணைப்பு எத்துணை உறுதியானது என்பதையும் குறிக்கலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களை மின்னூலின் முகப்பில் நன்றியுடன் தருவது பாராட்டத்தக்கது. ஆயினும் அவை கண்ணால் படிப்பதற்கான வாக்கியங்களே. அவற்றுள் பணி எது, பெயர் எது எனக் கணினி தானே பிரித்தறிய இயலாது.

பணிப்பெயர்களை மேலைப் பட்டியல்களிலிருந்து அப்படியே பெயர்த்துக்கொள்வது போதாது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பட்டியல் விரிவானது. எனினும் பழைய தமிழ் நாடக நூல்களின் முகப்பேட்டில் வரும் 'பார்வையிட்டவர்' அதில் எங்கு அமைவார்? அவர் மெய்ப்பு மட்டும் திருத்தியவர் அல்லர். முழுமையான பதிப்பாசிரியரும் அல்லர். பாடலும் வசனமும் பயிற்றி, நாடகத்தையே கட்டமைத்த 'வாத்தியார்' இயக்குநர் என்னும் சொல்லுக்குள் முழுதும் அடங்கார். முகப்பேடு வழங்கும் சொல்லையே முதலில் பதிந்து, பன்னாட்டுக் குறியீட்டை அதனோடு இணைப்பதே தக்கது. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ள பழைய அச்சு நூல்களின் முகப்பேடுகளிலிருந்தே இச்சொற்பட்டியலைத் தொகுக்கத் தொடங்கலாம்.

இத்துணை நுட்பம் தன்னார்வலர்க்குச் சுமையாகும் என்பர். சுமைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பணிப்பெயர்கள் முதற்கட்டத்திற்குப் போதும். அவற்றோடு 'அறியப்படவில்லை' என்னும் மதிப்பும் கட்டாயம் இடம்பெற வேண்டும். வெற்றுப்புலம் அப்படி ஒருவர் இருந்ததையே மறைக்கும். 'உரையாடல் ஆக்கியோர்: அறியப்படவில்லை' என்னும் பதிவோ, கைப்படி வைத்திருக்கும் குடும்பங்களையும் மூத்த நடிகர்களையும் நாடிச்சென்று கேட்க அடுத்த ஆய்வாளருக்கு இடம்தரும்.